கண்ணாடிக் கூண்டு

அந்த வீட்டுக்கு அழுக்கர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அழுக்கர் என்றால் குளிக்காத ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். பொய்ப்பல் செய்கிற தொழில். கையைக் கழுவிக் கழுவியே விரல் நுனி வெளுத்துப்போன சுத்தக்காரர். பொழுதுபோக்குதான் பெயரைக் கெடுத்தது. போர்க்கால விமானங்களைக் கையகலத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒட்டிச் செய்வார். பளபளவென்று வர்ணம் அடித்து முடித்த பிறகு, உட்கார்ந்து அதை அழுக்காக்குவார். புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, உதிர்ந்த வர்ணம், வெயிலில் வெளுத்த இறக்கை என்று நிஜமாகவே சண்டைக்குப் போய்த் திரும்பியது போல ஆக்கிவிடுவார்.

"வீட்டுல இருக்கற தூசியத் தட்டச் சொன்னா கை வலிக்கும். பொம்மைக்குத் தூசி பூசறதுன்னா மட்டும் சோறு தண்ணி வேண்டாம்" என்று மனைவி சொல்லாத நாள் கிடையாது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

கதவைத் திறந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். புருஷன் போர் விமானியாக இருந்தவர், செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார். அவருக்குப் பின்னால் மகள், முப்பது வயதிருக்கும், இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தூக்கம் என்பதையே மறந்துபோன முகம்.

வீடு துடைத்துவைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் உள்ளே எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மரம் பிய்ந்து சிலும்பாக நின்றது. அழுக்கர் அதைப் பார்ப்பதை அம்மாள் கவனித்துவிட்டார். எத்தனை தடவை மாட்டினாலும் நிற்பதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றினார்.

அவருக்கு வேண்டியது புருஷன் ஓட்டிய விமானத்தின் பொம்மை. கடையில் ஒன்று வாங்கி வைத்தாராம், புத்தம் புதுசாக. மறுநாளே அது சுவரில் மோதிச் சுக்குநூறாகக் கிடந்ததாம். எப்படி மோதியது என்று அழுக்கர் கேட்கவில்லை. மேஜையில் பரப்பிவைத்த புகைப்படங்களைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. இடது இறக்கையின் மேல், உடம்போடு சேரும் இடத்தில், பூட்ஸ் தேய்ந்த தடம். மூக்குப் பக்கம் எண்ணெய் வழிந்த கோடு. விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே உடம்பில் ஒரு நசுங்கல். அது என்ன என்று கேட்டார். தரையிறங்கிய பிறகு விமானியின் தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடி மூடியைத் திறந்துவிட மெக்கானிக் கொஞ்சம் தாமதித்துவிட்டானாம். புருஷன் ஸ்பேனரை அவன் மேல் வீசியிருக்கிறார், அது குறி தப்பி விமானத்தில் பட்டிருக்கிறது. அதற்கப்புறம் வீசினதெல்லாம் குறி தப்பவில்லை என்று அம்மாள் சொன்னபோது மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழுக்கு ஒண்ணு விடாம வரணும் தம்பி. அவரே பாத்தா தன்னோடதுன்னு நம்பணும்" என்றார் அம்மாள். "அப்புறம், அந்தக் கண்ணாடி மூடி. அத என்னைக்கும் திறக்க முடியாதபடி ஒட்டிடுங்க. இருக்கறதுலயே கெட்டியான பசை எதுவோ, அதப் போடுங்க."

அழுக்கர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். கரும்பு தின்னக் கூலியா?

வேலை தொடங்கியதும் ஆள் வேறு உலகத்துக்குப் போய்விட்டார். வெள்ளி நிறம் அடித்து, மேலே பச்சை அடித்து, பச்சையை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி உரித்தார். கறுப்புச் சுண்ணக்கட்டியைப் பொடித்துப் புகைபோக்கிக்குப் பின்னால் கரியாகத் தேய்த்தார். பூட்ஸ் தடத்தை மட்டும் மறுநாளைக்கு என்று விட்டுவைத்தார்.

மறுநாள் அது அங்கே இருந்தது.

தூக்கக் கலக்கத்தில் நாமே போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது! ஆசாமி தன்னையே மெச்சிக்கொண்டார், கேளுங்கள். பயப்பட வேண்டிய நேரத்தில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வாடை வந்தது. பெட்ரோலும் சிகரெட்டும் வியர்வையில் ஊறிய தோலும் கலந்த வாடை. அழுக்கர் வீட்டில் சிகரெட் குடிப்பவர் யாருமில்லை. ஜன்னலைத் திறந்தால் இன்னும் கூடியது. வேலை செய்கிற அறையின் தாழ்ப்பாள் ஒருநாள் காலையில் திருகாணியோடு தரையில் கிடந்தது.

அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பியதும் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"ஏங்க, மத்தியானம் அந்த ரூம்ல யார அப்படித் திட்டினீங்க?"

"நான் மத்தியானம் பல்லுக் கடையில இருந்தேன்."

அவள் அந்த அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அந்தப் பொம்மையைச் சீக்கிரம் முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னாள்.

மிச்சம் இருந்தது கண்ணாடி மூடிதான். இங்கேதான் ஐயா, எல்லாம் கெட்டது. நொடியில் ஒட்டுகிற அந்தக் கெட்டிப் பசை இருக்கிறதே, அது காயும்போது ஆவி விடும். மூடிய கூண்டுக்குள் அந்த ஆவி படிந்தால் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துப்போகும்; துடைக்கவும் முடியாது. இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் கண்ணாடிக்கு மட்டும் தச்சர்கள் மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையைத் தொட்டுவைப்பார்கள். காய்ந்தால் இருக்கிற இடம் தெரியாது. பலம்தான் கிடையாது. ஈரம் பட்டால் இளகிவிடும்.

அழுக்கர் கெட்டிப் பசையைக் கையில் எடுத்தார். கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே மயிரிழை மயிரிழையாகத் தான் எழுதிய கருவிகள், தோல் தேய்ந்த இருக்கை, எல்லாம் தெரிந்தது. மனசு வரவில்லை. பொம்மை மூடியை யார் நெம்பிப் பார்க்கப் போகிறார்கள்? வெள்ளைப் பசையைத் தொட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். மாடி அறையில், புருஷன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே, மேஜையில் வைக்கச் சொன்னார் அம்மாள். மூவரும் சுவரோரமாக நின்றார்கள். எதற்காக நிற்கிறோம் என்று அழுக்கருக்குத் தெரியவில்லை.

வாடை வந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது.

விமானத்தின் இடது இறக்கை கொஞ்சமாகத் தாழ்ந்தது, யாரோ அதில் கால் வைத்து ஏறுவது போல. பிறகு நிமிர்ந்தது.

வாடை நின்றுவிட்டது. மகள் போய் அறைக்கதவைச் சாத்தினாள். கையை எடுத்தாள். கதவு சாத்தியபடியே நின்றது. அவ்வளவுதான், அந்தப் பெண் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

அப்போதுதான் அம்மாள் வாயைத் திறந்தார். "உயிரோட இருந்தப்பவும் அந்த மனுஷன் சாதுவா இருந்தது விமானத்துக்குள்ள மட்டும்தான். என்ன அடிச்சா அடிக்கட்டும் தம்பி, எனக்குப் பழகிப்போச்சு. செத்த பிறகு இவ மேல கை வெக்க ஆரம்பிச்சாரு. கதவச் சாத்தினா உடைச்சுக்கிட்டு வருவாரு. போன மாசம் கைய முறிச்சிட்டாரு. இனிமே தொட்டா இவ தாங்க மாட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கெட்டியா ஒட்டிட்டீங்கல்ல?"

அழுக்கருக்கு வெள்ளைப் பசை நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் ஒட்டிவிட்டதாகச் சொன்னார். படியிறங்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம் லேசாகப் பனி பூத்திருந்தது. மறைந்தது. மறுபடியும் பூத்தது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கெட்டிப் பசையைத் தேடி எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள்.

"உங்க கண்ணாடி அழகா இருக்கணும்னு ஒரு பொண்ணு உயிரப் பணயம் வெச்சிருக்கீங்க. போங்க. பூத்துப்போனா பூத்துப்போகட்டும்."

அவர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மாளின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. பழக்கமில்லாத சிரிப்பு. மத்தியானமே ஆளைக் கூப்பிட்டு எல்லாக் கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்றாம், இரும்பில், நல்ல கனமாக. மகள் தன் அறையை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, காற்றுக்கு ஜன்னலை மட்டும் திறந்துவைத்துப் படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். எத்தனை மாதத்துத் தூக்கம்! சத்தம் போடாமல் வரும்படி உதட்டில் விரல் வைத்துக் காட்டி மாடிக்கு அழைத்துப் போனார்.

விமானம் வைத்த இடத்தில் இருந்தது.

கண்ணாடி மூடி பின்னுக்குத் தள்ளித் திறந்திருந்தது.

அதன் விளிம்பில் பசை இளகி, பால் போல வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. கூண்டு காலி.

அம்மாள் அவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த பசையைப் பார்த்தார். திரும்பி மகளின் அறைக்கு ஓடினார். அழுக்கரும் பின்னாலேயே ஓடினார். கதவைத் தள்ளினார்கள். அது அசையவில்லை. கனமான இரும்பு, மத்தியானம் போட்டது, உள்ளே இருந்து. இருவரும் தோளைக் கொடுத்து மோதினார்கள். முதல் தடவையாக அந்த வீட்டில் ஒரு தாழ்ப்பாள் நின்றது.

கதவிடுக்கில் பெட்ரோல் வாடை கசிந்தது.

உள்ளே கட்டில் மெல்லக் கிரீச்சிட்டது. தூக்கம் கலையாத குரலில், சின்னக் குழந்தை கொஞ்சுவது போல மகள் முனகினாள்.

"அம்மா... கழுத்து வலிக்குதும்மா. கைய எடும்மா."

அம்மாளின் இரண்டு கைகளும் கதவின் மேல் இருந்தன.