கழற்றி எடுத்த சிப்பு

கிதார் பெடலின் பின்மூடியைத் திறந்ததும் லாக்கியின் விரல் உள்ளிருந்த சிப்பின்மேல் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. பெடலில் பேட்டரியே இல்லை. இன்றைக்கு யாரும் அதை மிதிக்கவும் இல்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். உடம்புச் சூடு.

“என்னடா, ரொம்பக் கெட்டுப்போச்சா?”

இறந்துபோன நண்பன் தமாத்தியின் அக்கா நைரி ஷெட் வாசலில் நின்றாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இல்லக்கா. சின்ன வேலதான்.”

“சனிக்கிழமை ஹால்ல அவன் நெனப்புக்கு வாசிக்கிறோம்ல? அவன் மக இந்தப் பெடலத்தான் மிதிப்பேன்னு நிக்கிறா. மிதிச்சா ஒரே இரைச்சல். லாக்கி மாமா கை வச்சா சரியாயிடும்னு சொல்லியிருக்கேன். என் தம்பிக்கு உன்னவிட்டா யாரு இருந்தா, சொல்லு?”

லாக்கி குனிந்தே இருந்தான். காது மடல்கள் எரிந்தன.

“பேக்கரி வரைக்கும் போயிட்டு வர்றேன். உனக்கும் ஒரு சீஸ் ரோல் வாங்கியாரேன். ஆளு துரும்பா இளைச்சுக் கெடக்கே” என்றுவிட்டு அவள் போனாள்.

மூன்று வருடத்துக்கு முன் சுவிட்சைத் துடைத்துத் தரச்சொல்லி இதே பெடலைத் தமாத்தி கொடுத்திருந்தான். கிதாரின் ஒலியைப் பெருக்கித் தடிக்க வைக்கும் சிப்பு அதில் ஒன்று, எட்டுக் கால்களோடு, இப்போது எங்கேயும் கிடைக்காத பழைய சரக்கு. துறைமுக ஊரான போர்ட் சால்மர்ஸில் தமாத்தி வாசித்தால் மதுக்கடையே பேச்சை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். லாக்கி அதை நெம்பி எடுத்துத் தன் பெடலில் வைத்துக்கொண்டான். இதில் மலிவான ஒன்றைச் செருகினான். நாலு நிமிட வேலை.

ஒரே வாரத்தில் தமாத்தி வந்து நின்றான். “சத்தம் மெலிஞ்சுபோச்சுடா. பெடல்ல ஏதாச்சும் இருக்கா பாரேன்.”

“பெடல் நல்லாத்தான் இருக்கு. உன் காதப் போய்க் காட்டு.”

காதில் கோளாறில்லை என்று டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. லாக்கி சொன்னதைத்தான் நம்பினான். வாசிப்பதை விட்டான், கிதாரை விற்றான், மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். போன குளிர்காலத்தில் அந்தப் படகு திரும்பவில்லை.

இன்றைக்கு அதை மாற்றி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்ட, காய்ச்சிய ஈயத்தின் வாசனையோடு எங்கிருந்தோ கடற்பாசி வாடையும் கலந்து வர, லாக்கி தன் பெடலிலிருந்த பழைய சிப்பைக் கால் வளையாமல் நெம்பி எடுத்து, தமாத்தியின் பெடலில் மலிவானதைக் கழற்றிவிட்டு அதன் சொந்த இடத்தில் வைத்து மெல்ல அழுத்தினான். பேட்டரியை மாட்டினான். ஒலிபெருக்கும் ஆம்ப்பெட்டிக்கு வயரைக் கொடுத்தான். இரைச்சல் போய்விட்டதா என்று மட்டும் பார்க்க நினைத்ததால் கிதாரைச் செருகவில்லை.

இரைச்சல் இல்லை.

பெட்டிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். மெதுவாக, மூக்கில் நீர் ஏறியவன் விடும் மூச்சு. காற்றாக இருக்கும் என்று ஒலியைக் குறைத்தான். மூச்சு குறையவில்லை. பெட்டியின் மின்வயரைப் பிடுங்கினான். பேட்டரியைக் கழற்றினான். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

மூச்சு நின்றது.

பிறகு, “லாக்கி.”

தமாத்தியின் குரல்தான்.

“கோளாறு என் காதுலயாடா?”

கோபமே இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே குழைவு. லாக்கிக்கு ஓடத் தோன்றவில்லை, தரை பிளந்து தன்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. பெட்டியின் முகப்புத் துணி உள்ளிருந்து மெல்லப் புடைத்தது. வட்டமாக. மடிப்பு மடிப்பாக. ஒரு காது. சுவருக்கு அப்பால் நடப்பதை ஒட்டுக்கேட்பவன் வைப்பதுபோல், துணியோடு அழுந்தியிருந்தது. காத்திருந்தது.

சொல்லிவிடு. நான்தான் எடுத்தேன். மூன்றே வார்த்தை... இல்லை, இரண்டு. நைரியின் முகம் நினைவுக்கு வந்தது. தமாத்தி மகளின் முகம். நாக்கு தானாகப் புரண்டது.

“பெடல் நல்லாத்தான் இருக்குடா.”

சொல்லிவிட்டான். மறுபடியும்.

துணியில் ஈரம் பரவியது. தரையில் சொட்டியது. காது விலகவில்லை.

மெல்லத் திரும்பியது.

கன்னம். பிறகு மூக்கின் மேடு. நெற்றி. துணி விறைத்தது. ஒரு இழை அறுந்தது. இன்னொன்று. முழு முகமும் இப்போது அவன் பக்கம்.

வாய் இருந்த இடத்தில், பேசப்போகிறவன் மூச்சிழுப்பதுபோல், துணி உள்ளே இழுபட்டது.