தாடைக்கட்டு

"வாயை மூடுடி! ஈ பூந்துடப் போகுது!"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருஷம் புத்தகங்களுக்கு பைண்டிங் போட்ட கை அவளுக்கு. எந்தக் கோணல் அட்டையையும் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டிவைத்தால் நேராகிவிடும் என்பது அவள் அனுபவம். பேத்தியின் முன்பற்கள் தூக்கிக்கொண்டு வந்ததும், அதே துணிப்பட்டையை எடுத்து ஏழு வயதுக் குழந்தையின் தாடையோடு உச்சந்தலையைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள்!

குழந்தை இரண்டு தரம் மூக்கை உறிஞ்சியது. அவ்வளவுதான். கண்கள் பிதுங்கின, உதடு கறுத்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்த மருமகள் கத்தரிக்கோலால் கட்டை வெட்டி எறிந்தாள்.

"பாத்தியாடா உன் பொண்டாட்டியை! புள்ளையை வாயைப் பொளந்துட்டுத் திரிய விட்டது இவ. நல்லது பண்ண வந்தா நான் பொல்லாதவளா?"

"காலங்காத்தால ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?" என்றான் புருஷன், மனைவியைப் பார்த்து. எப்போதும் அவளைப் பார்த்துத்தான் கேட்பான்.

"மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்து அடைச்சிருக்குங்க... வாயாலேயே மூச்சு விட்டுத்தான் பல்லும் தூக்குதுன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கறாரு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும். படுத்தா குறட்டை விட்டு மூச்சு முட்டுதுன்னு ரெண்டு வருஷமா இவளை நெஞ்சுல சாய்ச்சுக்கிட்டு உக்காந்தே தூங்கறேன்... யாராவது ஏன்னு கேட்டீங்களா?"

"பல்லுக்காகக் கத்தியா! குழந்தைக்கு ஒண்ணு ஆச்சு... இந்த வீட்டுப் படி ஏறாதே!"

"சரி அத்தை. ஏற மாட்டேன்."

புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அவள் தனியாகவே குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், ஆபரேஷனுக்குத் தனியாகவே கையெழுத்துப் போட்டாள். குழந்தை நல்லபடியாகத் திரும்பியும் மாமியார் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் குறட்டை மட்டும் நாளுக்கு நாள் குறைந்துவந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்த கூடத்திலிருந்து மாமியாரின் அலறல்.

"ஐயோ... சத்தமே காணோமே! மூச்சு நின்னுபோச்சே! பாவி, கொன்னுட்டியே!"

கையிலிருந்த பாத்திரம் உருண்டது. ஓடிவந்தவள் குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்தாள். பிறகு மாமியாரின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

"மூக்கால விடறா அத்தை... அதான் சத்தமில்ல."

கிழவியின் விரலில் இளஞ்சூடாகக் காற்று பட்டது. குழந்தையின் உதடுகள் சேர்ந்திருந்தன.

"யாரும் கட்டலையே... தானா மூடியிருக்கே... ஐயோ! நான் அன்னிக்கு மூச்சையில்ல கட்டியிருக்கேன்! நீ வெட்டலைன்னா..." மருமகளின் தோளில் விழுந்து குமுறினாள். "நாலு வார்த்தை திட்டிடும்மா என்னை!"

"திட்டக்கூடத் தெம்பில்ல அத்தை... தூக்கம் தூக்கமா வருது."

"படு. நான் பாத்துக்கறேன்."

மாமியாரே தலையணை போட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மருமகளின் முதுகு தரையில் பட்டது. கண்ணீர் காயுமுன்னே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் புருஷன் வந்து, "சாப்பாடு எங்கே?" என்று குரல் கொடுத்தான்.

குழந்தையின் மூக்கடியிலிருந்து விரலை எடுக்காமலே கிழவி சீறினாள்.

"வாயை மூடுடா! என் மருமக தூங்கறா."