அப்பாவின் பக்கத்தில் மண்டை ஓடு

இப்போதெல்லாம் யாருக்கும் நேரில் வந்து முகம் காட்ட மனசில்லை என்று செங்கோட்டையன் புலம்புவார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் முகத்தைக் காட்டிவிட்டு, அதையே பெரிய உபகாரமாகப் பேசுகிறார்கள்.

அவர் மகன் கதிர்வேலும் அப்படித்தான். மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனவன், இணையத்தில் குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தான். வாரம் ஒரு போட்டோ, நாலு வரி.

திட்டிக்கொண்டே ஞாயிறுதோறும் பேத்தி லோகப்பிரியாவுடன் கிணத்துக்கடவில் பஸ் ஏறி, ஆர்.எஸ்.புரம் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார்.

அன்று மகன் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மண்டை ஓடு பல்லிளித்தது.

"எம்பையன் எங்க கண்ணு?" என்றார் கிழவர்.

சென்டர் நடத்தும் சாஜிதா பேகம் எட்டிப் பார்த்தாள். "யாரோ உங்க பக்கத்துக்குள்ள பூந்து சாஃப்ட்வேரைக் கெடுத்துப்போட்டாங்க. அழிச்சுட்டுப் புதுசாப் போடோணுங்க ஐயா."

"அழிக்கறதா? அவன் போட்டோ?"

"அக்கா, அப்பா எழுதினது, போட்டோ எல்லாம் மொதல்ல ஃபிளாப்பில எடுத்துக்கலாங்களா?" என்றாள் லோகப்பிரியா.

"எடுத்துக்கலாம் அம்மணி. அதெல்லாம் தனியாத்தான் இருக்குது. பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

லோகப்பிரியா மெல்லத் திரும்பித் தாத்தாவைப் பார்த்தாள்.

ஒவ்வொரு வாரமும் அவள் பின்னால் நின்று, "நம்ம காளை பேரை அடி கண்ணு, மயிலை, மயிலை" என்று சென்டர் முழுக்கக் கேட்கச் சொன்னவர் அவர்தான்.

"என்னை எதுக்குப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க அப்பாரு."

ஃபிளாப்பி நிறைந்தது. பழையது அழிந்தது. புது சாஃப்ட்வேர் நத்தை மாதிரி ஏறியது. கடைசியில் புது பாஸ்வேர்டு கேட்டது.

"பசுமாட்டுப் பேரை வை. செவ..." என்று கிழவர் ஆரம்பித்தார்.

"அப்பாரு, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

முறைத்துக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது இந்த வாரப் போட்டோவில் கதிர்வேல் கம்ப்யூட்டர் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். லோகப்பிரியா படித்தாள்: "இங்கே மழையே இல்லை. நம்ம தோட்டத்து ஈர மண் வாசனையை மனசு தேடுது."

கிழவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"மீசையைக் காணோம். அதையும் அவனுக தூக்கிட்டாங்களா?"

"அப்பாவே எடுத்துட்டாருங்க."

"சும்மா சொல்லாதே. எம்பையன் மீசையை எடுக்க மாட்டான். நேர்ல வந்து நிக்கட்டும், அப்பறம் நம்பறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேத்தி வருகிறாளா என்றுகூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.