வருடம் முழுக்க அறைகள் உண்டு

படிக்கட்டில் பனிச்சறுக்கு பூட்ஸ் ஏறுகிற சத்தம் கேட்டதும் ஹெர்மினாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அந்தக் கனத்த பூட்ஸைக் கழற்றாமல் மாடி ஏறக் கூடாது என்று வாசலில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தாள். எழுதியதைப் படிக்கவும் சோம்பல்படுகிற ஜென்மங்களுக்காகப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட படமும் வைத்திருந்தாள். டொக், டொக் என்று மரப்படிகளை இடித்துக்கொண்டு நான்கு ஜோடிக் கால்கள் மேலே போயின. கடைசி ஜோடி சின்னது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி ஏறியது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இன்று நவம்பர் ஒன்று. மலையில் ஒரு கைப்பிடிப் பனி கிடையாது. ரோப் கார் டிசம்பரில்தான் ஓடும்.

"ஈரப் புல்லுல சறுக்க வந்திருக்குதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்துக்கொண்டு, சமையலறை மேசையில் விரித்திருந்த காலண்டருக்குத் திரும்பினாள்.

காலண்டரில் இந்த வருடத்தின் ஐம்பத்திரண்டு வாரமும் இருந்தன. குளிர்காலத்துக்கு நீலம்: கால் எலும்பை முறித்துக்கொள்வதற்காக ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டி வருகிறவர்கள். கோடைக்குப் பச்சை: மாட்டைப் பார்த்தால் படம் எடுக்கிறவர்கள். செப்டம்பருக்கு மஞ்சள்: ஆளுக்கு இரண்டு கைத்தடி பிடித்து நடந்து, சாயங்காலம் முட்டி வலியைப் பற்றி மட்டுமே பேசுகிற கிழட்டு ஜோடிகள். ஹெர்மினாவுக்கு இவர்களில் ஒருவரையும் பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, அதைத் திறக்கும் எண்ணைச் செய்தியில் அனுப்பினால் போதும்; முகத்தைப் பார்க்காமலே ஆளைத் தங்கவைக்கலாம்.

வாடகைக்கு வீடு விடுகிறவர்களின் சங்கம் ஒரு தகரப் பலகை தருகிறது. வருடத்தில் ஒரு வாரம்கூட மூடாத வீட்டுக்கு மட்டும். அது இருந்தால் சங்கத்தின் பட்டியலில் முதல் பக்கம். இல்லாவிட்டால் ஒருவரும் எட்டிப் பார்க்காத ஐந்தாம் பக்கம். ஐந்தாம் பக்கத்தில் இன்னும் இரண்டு குளிர்காலம் கிடந்தால் இந்த வீட்டை எதிர் ஓட்டல்காரனிடம் விற்க வேண்டியதுதான். பலகைக்கும் அவளுக்கும் நடுவே நின்றது நவம்பரின் இந்த முதல் வாரம் ஒன்றுதான். அதற்கும் மூன்று நாளுக்கு முன் முன்பதிவு வந்துவிட்டது. நான்கு பேர், மாடி வீடு, சமையல் அவர்களே. புறப்படும் தேதி இருக்கிற கட்டம் காலி. கணினியில் ஒரு கட்டம்கூட ஒழுங்காக நிரப்பத் தெரியாத கூட்டம் என்று அவள் அப்போதே நினைத்தாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஆஃப்ரா பால் சொம்பும், துணி மூடிய தட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தட்டில் எண்ணெயில் பொரித்த இனிப்பு பன்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் செத்தவர்களுக்காக ஓர் அறையை ஒழித்து, அடுப்பைச் சூடாக்கி, பாலும் பன்னும் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். மறுநாள் காலை சர்ச் மணி அடிக்கிறவரை அந்தப் பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் வாடகை அறையில்தான் வைக்க வேண்டும். மலையில் செத்த வெளியூர்க்காரன் கடைசியாகச் சாவி வாங்கின வீட்டுக்குத்தானே திரும்பி வருவான்!

"மாடியில ஆள் வருது ஆஃப்ரா. எடுத்துட்டுப் போ."

"இன்னைக்கா? இன்னைக்குப் போய் ஆள் விட்டிருக்கியாடி? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"செத்தவனுக்கும் ஓசியில ரூம் குடுக்க நான் என்ன சத்திரமா நடத்துறேன்?"

ஆஃப்ரா குரலைத் தாழ்த்தினாள். "அந்த நாலு பேர் உன் மாடியிலேருந்துதானே போனாங்க. ரெண்டு வருஷமா நான் வந்து வச்சேன், ஒரு தொந்தரவும் இல்லை. நீ வைக்கலேன்னா அவங்களே சமைச்சுக்குவாங்க, ஹெர்மினா. அது வேண்டாம்."

"நல்லதாப் போச்சு. அடுப்பு இருக்கு, சட்டி இருக்கு, துடைக்கத் துணியும் மடிச்சு வச்சிருக்கேன். பொழைச்சுக்கட்டும்."

ஆஃப்ரா சொம்பையும் தட்டையும் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் ஊரே கறுப்பு உடுப்பில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

அந்த நாலு பேர். வடக்கே கடலோரத்துக்காரர்கள், லோரென்சன் என்று பெயர். கணவன், மனைவி, இரண்டு பெண்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. பத்து மணிக்கு அடுத்த கூட்டம் வருகிறது, இதுகள் இன்னும் கிளம்பவில்லை. கழுவு தொட்டியில் முந்தின ராத்திரி சேமியா ஒட்டிக் கிடந்தது. தினமும் காலையில் பனிச்சரிவு எச்சரிக்கைத் தாளை வாசலில் மாட்டுவது வீட்டுக்காரர்களின் வேலை. அன்றைய தாளில் எண் நான்கு. ஐந்துக்கு நான்கு. தொட்டியைப் பார்த்த கோபத்தில் ஹெர்மினா அதை மாட்டாமல் கசக்கி அடுப்பில் போட்டாள். அந்த மனிதன் கீழே இறங்கி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்: "வீட்டுக்காரம்மா, இன்னைக்குப் பின்பக்கச் சரிவுல போகலாமா?" அவர்கள் ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. "தாராளமாப் போங்க" என்றாள்.

நான்கு பேரும் பனிச்சரிவில் புதைந்த பிறகு விசாரிக்க வந்த போலீசிடம், அவர்கள் தன்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்று சொன்னாள். தோண்டி எடுத்த ஆள்களில் ஒருவன் ரொட்டிக் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான்: புதைந்தவர்கள் விடுகிற மூச்சில் பனி உருகி, மறுபடி உறைந்து, வாயை மூடியபடி கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்துவிடுமாம். ஹெர்மினா இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். சரிவுக்குப் போனது அவர்களுடைய முட்டாள்தனம். கையில் போன் இல்லையா, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?

மணி மூன்று. இந்தப் பள்ளத்தாக்கில் நவம்பர் வந்தால் சூரியன் இரண்டு மணிக்கே மலைக்குப் பின்னால் போய்விடும். மிச்சப் பகலெல்லாம் கழுவாத பால் தம்ளர் மாதிரி கலங்கிக் கிடக்கும். மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது, அதற்குள்ளிருந்து கல்லறைத் தோட்டத்துப் பித்தளை வாத்தியச் சத்தம் துண்டு துண்டாக வந்து, மாடியில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தத்தோடு கலந்தது, கூடவே ஈரக் கம்பளியின் வாடையும், அதற்கடியில் பால் காய்கிற வாடையும், எண்ணெய் சூடாகிற வாடையும் கூரைப் பலகை இடுக்குகள் வழியாக மெதுவாக இறங்கிவந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவள் நாற்காலிகளை எண்ணினாள். மாடி வீட்டில் எல்லாமே நான்குதான். நான்கு தட்டு, நான்கு கோப்பை, நான்கு கரண்டி. ஆள் மாறும்போதெல்லாம் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பாள். ஒரு கரண்டி குறைந்தாலும் பிடித்துக்கொள்வாள்.

கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. காலண்டரில், நீல வாரத்தின் மேல். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. நீலம் கரைந்து, பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, நவம்பர் வரைக்கும் ஓடியது.

"குளியலறையைக் குளமாக்கிட்டாங்க, பன்னிங்க" என்றாள். ஆனால் குளியலறை அந்தப் பக்கம் இல்லை.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்தாள். கார் இல்லை. காலையில் கூட்டிவைத்த சரளைக்கல்லில் ஒரு டயர் தடம்கூட இல்லை.

நடந்தே வந்திருப்பார்கள். பஸ்ஸுக்குக்கூட வக்கில்லாதவர்கள். அப்படித்தான் நினைக்க முயன்றாள். காப்பி போடலாம் என்று எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். பால் இல்லை. நேற்று வாங்கிய முழுப் பால். மாவு டப்பாவின் மூடி திறந்திருந்தது. சுவர் ஆணியில் தொங்கும் அவளுடைய கோப்பை, பிடியோரம் உடைந்தது, அதுவும் இல்லை.

திரும்பினாள். இப்போதுதான் அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலி.

இல்லை.

மேலே ஐந்தாவது நாற்காலி இழுபட்டது.

 பயம் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை. திருட்டுக் கூட்டம் என்று முணுமுணுத்தாள். விருந்தினர் பதிவுத் தாளை எடுத்துக்கொண்டாள். சங்கத்துக்கு ஒவ்வொரு பெயரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்கப் போவதாக ஒரு சாக்கு. படியேறினாள். ஒவ்வொரு படியிலும் பூட்ஸ் தடம். தடத்துக்குள் பனி. புதுப் பனி. உருகாமல்.

கதவு திறந்தே இருந்தது.

"இங்க பாருங்க, வீட்டுக்குள்ள பூட்ஸ் போட..."

அவளுடைய மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. அடுப்பு கணகணவென்று எரிந்தது. அறையில் அத்தனை குளிர். மேசையைச் சுற்றி நான்கு முதுகுகள். சிவப்பு, நீலம், இரண்டு மஞ்சள். கழுவு தொட்டியில் சேமியா ஒட்டிக் கிடந்தது. ஐந்தாவது இடத்தில் அவளுடைய நாற்காலி. அதன் முன்னால் அவளுடைய கோப்பை. கோப்பைக்கு அடியில் ஓரம் கருகிய ஒரு தாள். அதில் பெரிய எண் நான்கு.

கோப்பையில் பாதிப் பால்தான் இருந்தது. மீதி யார் குடித்தது?

அவளுடைய நாக்கில் பாலேடு ஒட்டியிருந்தது.

சிவப்பு உடுப்பு திரும்பியது. மூக்கிலிருந்து தாடைவரை கண்ணாடி மாதிரி ஐஸ். அதற்குப் பின்னால் உதடுகள் அசைந்தன. அதே மரியாதையான குரல், தூரத்திலிருந்து.

"வீட்டுக்காரம்மா, இன்னைக்குப் பின்பக்கச் சரிவுல போகலாமா?"

வேண்டாம். ஒரு சொல். மூன்று வருடமாக யாருக்கும் கேட்காமல் அவள் எங்கோ போட்டுப் புதைத்த சொல். இப்போது அதை முழு மனதோடு சொல்ல விரும்பினாள். வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடுகளில் மூச்சு பட்டு ஈரமானது. ஈரம் இறுகியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று, குளிர்ந்து, கெட்டியாக.

வேண்டாம். வேண்டாம். மூச்சு உள்ளேயே சுற்றியது.

காலடியில் ஏதோ நகர்ந்தது. சின்னவள் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவளுடைய காலில் ஒரு பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். சரியான அளவு. கொக்கியை மாட்டினாள். கிளிக். அடுத்தது. கிளிக்.

அவன் பொறுமையாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். பதில் வரவில்லை என்று பார்த்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"அப்ப தாராளமாப் போகலாம்ங்கிறீங்க" என்றான்.

மூத்த பெண் கதவை அகலத் திறந்தாள். அங்கே படிக்கட்டு இல்லை. வெள்ளைச் சரிவு, கண்ணுக்கு எட்டியவரை ஒரு தடமும் இல்லாமல், மேலே எங்கோ மெல்ல முனகிக்கொண்டு கிடந்தது.

நான்கு பேரும் எழுந்து, ஒதுங்கி நின்று, அவளுக்கு வழி விட்டார்கள்.

"வீட்டுக்காரம்மா முன்னால போகட்டும்" என்றாள் அவன் மனைவி.