மேடையில் விட்டுப்போன பல்பு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கண்ணாடிக் கலை அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தும்பிகள் பதித்த பழைய தும்பி விளக்கைக் காணோம். வெறும் மேடை. அதன்மேல் ஒரு வெள்ளை எல்.இ.டி. பல்பு மட்டும் கிடந்தது.

"டுவைட்தான். சாவி இவன்கிட்டதானே இருக்கு? விலங்கப் போடுங்க," என்றார் இயக்குநர் விட்காம்.

காவலாளி டுவைட் இரண்டடி பின்வாங்கினான். "சாவி காபி மெஷின் பக்கத்து ஆணியிலதான் தொங்கும் சார். நீங்களே எடுப்பீங்களே!"

துப்பறியும் அதிகாரி ஜனீன் நோவக் பல்பை உருட்டிப் பார்த்தாள். "விளக்கத் தூக்குறதுக்கு முன்னாடி பல்பக் கழட்டணுமா?"

"அது இங்க சட்டம்," என்றார் விட்காம். " சேர்ந்த அன்னைக்கே சொல்லிக்கொடுப்போம். பாத்தீங்களா, உள்ளாள்தான்!"

"கழட்டுன பல்ப என்ன பண்ணுவீங்க?"

"விளக்கோடயே பெட்டியில வச்சுடுவோம்."

வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் ஓப்பல் டோனட் தட்டோடு வந்தாள். ஜனீன் பல்பை நீட்டினாள். "இது வெளிச்சம் எப்படிம்மா?"

"ஆஸ்பத்திரி வெளிச்சம். சாப்பாட்டு மேசைமேல மஞ்சளா எரியறப்ப அந்தத் தும்பிங்க றெக்கை அடிக்கும். இங்க செத்துக் கெடக்கு."

"அந்தப் பல்பத் தேர்ந்தெடுத்ததே நான்தான்," என்று முறைத்தார் விட்காம்.

"தெரியுது சார்," என்றாள் ஓப்பல்.

நடுப்பகல். ஓப்பலின் வீட்டில் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. இடுக்கில் தேன் நிற வெளிச்சம். ஜனீன் கதவைத் தட்டினாள். ஓப்பலே திறந்தாள்.

சாப்பாட்டு மேசைமேல் தும்பி விளக்கு. அதன் முன்னால் ஓப்பலின் கணவர் ஹார்லன். கையில் சூப் கரண்டி.

"திருடனா இருந்தா பல்போடயே ஓடியிருப்பான்," என்றாள் ஜனீன். "டுவைட்டா இருந்தா கழட்டி, கூடவே எடுத்திருப்பான். விட்டுட்டுப் போனவங்களுக்கு அந்த வெளிச்சமே வேணாம். மியூசியத்துல அது வெள்ளையாத்தான் எரிஞ்சுது. மஞ்சளாப் பாத்தது நீங்க மட்டும்தாம்மா."

ஓப்பல் ஹார்லனின் தோளில் கை வைத்தாள். "எங்க அப்பா வீட்டு விளக்கு, அப்புறம்தான் மியூசியத்துக்குப் போச்சு. இதுக்கு முன்னால உக்காந்துதான் இவர் என்னைப் பொண்ணு கேட்டாரு. இப்ப இவருக்கு நான் யாருன்னே தெரியல. இந்த வெளிச்சத்துல பாத்தா என் பேரச் சொல்லுவாருன்னு..."

"சொன்னாரா?"

"தும்பின்னாரு."

ஜனீன் போனை எடுத்தாள். "டுவைட்ட விட்டுடுங்க. விளக்கு கீறல் படாம இருக்கு. நானே கொண்டு வரேன்."

அவள் கை விளக்கின் சுவிட்சுக்குப் போனது. ஹார்லன் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடிச் சிறகைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜனீன் கையை எடுத்தாள்.

"சூப்பக் குடிச்சு முடிக்கட்டும்."