இருமலுக்கு ஒரு வரிசை

"பதினொண்ணுங்க! நேத்து ஒன்பது, இன்னிக்கு..."

"ஒன்பதோ பதினொண்ணோ, எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்..."

"பேச விடுங்க! இந்த வருஷத்துக்குள்ள நீங்க போய்ச்சேர நூத்துக்குப் பதினொண்ணு வாய்ப்பாம். நெஞ்சுச்சில்லு சொல்லுது!"

"மீதி எண்பத்தொன்பது இருக்குல்ல? தள்ளுடி, வழியை விடு."

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குடியிருப்பில் காலைக் காபிக்கு முன் எல்லா வீட்டிலும் இந்தச் சண்டைதான். பதினெட்டு வயதில் மார்பில் பதிக்கப்படும் சில்லு, அவரவர் சாவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைத் தினமும் இனிய குரலில் சொல்லும். சொல்லிவிட்டு, "பணி சிறக்க வாழ்த்துகள்" என்று முடிக்கும். மரியாதை தெரிந்த சில்லு.

வழியை விடச் சொன்ன தணிகாசலத்துக்கு நாற்பத்து நான்கு வயது. பனிச்சுரங்கத்தில் பதினாறு மணி நேர ஷிப்டு. அங்கே முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்கள் பத்தாண்டுகளாக, ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் பதறவில்லை. சீராக ஏறினால் அது போக்கு. போக்குக்கு ஒரு வரைபடம் போதும். திடீரென்று ஏறினால்தான் ஆபத்து. கூட்டம், அறிக்கை, விடுப்பு எல்லாம் அதற்குத்தான்.

தூசிக்காய்ச்சல் திடீரென்று வந்தது. பிடித்தவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் செத்தார்கள். குடியிருப்பே நடுங்கியது. காய்ச்சல் கண்டவருக்கு நாற்பது நாள் கட்டாய ஓய்வு என்று உத்தரவு; வேளாவேளைக்கு ரோபோவே கஞ்சி கொண்டுவரும். நோய் வந்து இரண்டு மாதத்தில் பாதிச் சுரங்கம் படுத்துத் தூங்கியது.

தணிகாசலத்துக்குத்தான் காய்ச்சல் வரவில்லை. அரை மணி பர்மிஷன் வாங்க வைத்து, அவன் மனைவி செங்கமலம் அவனை விடுப்பு எழுதித் தரும் நலப்பொறியிடம் இழுத்துப் போனாள்.

"காய்ச்சல் உண்டா?" என்றது பொறி.

"இல்லை. நெஞ்சுதான் பதினொண்ணு காட்டுது. நாற்பது நாள் படுத்தா இறங்குமா?"

"நாலுக்கு இறங்கும்."

"அப்போ லீவு குடு."

"இவர் இறந்தால் அது இயல்பான மரணம், அம்மா. இயல்புக்கு விடுப்பு கிடையாது. அடுத்தவர்!"

வெளியே வந்த செங்கமலம் விரல்விட்டு ஒரு கணக்குப் போட்டாள். காய்ச்சல் என்றால் ஆயிரத்துக்கு மூன்று. வேலை என்றால் ஆயிரத்துக்கு நூற்றுப் பத்து.

"வாங்க, சவரிமுத்து அண்ணனுக்குக் காய்ச்சலாம். பார்த்துட்டு வருவோம்."

"ஐயோ, ஒட்டிக்குமேடி!"

"பின்னே, நலம் விசாரிக்கவா போறோம்?"

சவரிமுத்து வீட்டு வாசலில் ஏற்கெனவே இருபது தம்பதிகள் நின்றார்கள். அவர் மனைவி லூர்து கதவிடுக்கில் நின்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆளுக்கு ரெண்டு இருமல்தான்! முந்தாதீங்க! ஏம்பா, நீ நேத்தே வாங்கிட்டுப் போனவன்தானே?"

"ஒட்டலையேக்கா!"

உள்ளே சவரிமுத்து கன்னம் உப்பிக் கிடந்தார். "சீக்கிரம் வாங்கப்பா, இருமல் வத்திக்கிட்டே வருது. தூங்கித் தூங்கி என் சில்லு ரெண்டுக்கு வந்திடுச்சு."

தணிகாசலத்துக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"மகிழ்ச்சியான செய்தி. சென்ற ஆண்டின் இதே இரண்டு மாதங்களோடு ஒப்பிடுகையில், உழைக்கும் வயதினரின் சாவு பாதியாகக் குறைந்துள்ளது. ஆகவே, கொள்ளைநோயால் ஆபத்து இல்லை என்பது உறுதியாகிறது. கட்டாய ஓய்வு இத்துடன் ரத்து. அனைவரும் உடனே வேலைக்குத் திரும்பலாம். எண்ணிக்கை விரைவில் இயல்பு நிலையை எட்டும்."

வரிசை கைதட்டியது. நல்ல செய்தி என்று சொன்னால் தட்டிவிடும் பழக்கம். தணிகாசலமும் தட்டினான். தட்டிய கையோடு, பர்மிஷன் முடிய நான்கே நிமிடம் என்று சுரங்கப் பக்கம் ஓடினான். அவன் பின்னால் எல்லா ஆண்களும் ஓடினார்கள். போர்வையை உதறிவிட்டுச் சவரிமுத்துவும்.

ஓடுகிற முதுகுகளைப் பார்த்துச் செங்கமலம் கத்தினாள்:

"கைதட்டினீங்களே, இயல்புன்னா வருஷத்துக்கு எத்தனை சாவுன்னு யாராவது கேட்டீங்களா?"