முப்பது சுற்றில் எல்லை

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குக் களிமண் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. அதனால் பக்கத்து ஊர் கோவிந்தராசு ஒரு குளத்தின் மேல் கண் வைத்தார். கனகாவின் தெருவுக்கே அது ஒன்றுதான் குடிதண்ணீர்.

"குளம் எங்க ஊரு எல்லையில இருக்குது. மண்ணு வெட்டப்போறேன்" என்றார்.

அது 1967. எல்லையை அளக்க சர்வேயர் வந்தார். வெள்ளைக்காரர் காலத்து வரைபடத்தை விரித்தால், எல்லைக்கல்லின் அளவு எழுதிய மூலையைக் கரையான் தின்றிருந்தது!

"இன்னிக்குள்ள கல்லு கெடைக்கலன்னா, இவரு சொல்றதத்தான் எழுதணும்" என்றார் சர்வேயர்.

தெரு ஆண்கள் பெண்ணாடத்துக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். பத்து வயது கனகா முன்னால் வந்தாள்.

"எனக்குத் தெரியுங்க சார்! திருவிழாவுல எங்கப்பா பறையடிச்சிக்கிட்டு எல்லை சுத்துவாரு. நானும் போவேன். இருட்டுல எடம் தெரியாது, கணக்கு தெரியும். கன்னிமார் கோயில்லேர்ந்து கெழக்கால முப்பது சுத்து அடிச்சா எல்லை. ஒரு சுத்துக்குப் பத்துத் தட்டு, தட்டுக்கு ஒரு எட்டு வைப்பாரு."

"பறைக்கு எங்க போறது?" என்றார் சர்வேயர்.

கனகா அவருடைய வரைபடக் குழலைப் பார்த்தாள். நல்ல தகரம். சர்வேயர் பெருமூச்சு விட்டுக் கொடுத்தார்.

டண் டண் என்று தட்டிக்கொண்டே நடந்தாள். முப்பதாவது சுற்று குளத்துக்கு முன்பே முடிந்தது. தோண்டினார்கள். ஒன்றுமில்லை.

கோவிந்தராசு வயிறு குலுங்கச் சிரித்தார். "குளம் எனக்குத்தான்னு பொண்ணே சொல்லிடிச்சி!"

கனகாவுக்கு அழுகை முட்டியது. தலை குனிந்தவள் கண்ணில் தன் குட்டைக் கால்கள் பட்டன. பக்கத்தில் அளவுச் சங்கிலி இழுக்கும் சாமிக்கண்ணுவின் நெட்டைக் கால்கள்.

"சார்! எங்கப்பா இந்த அண்ணன் ஒசரம். நான் தட்டறேன், இவரு நடக்கட்டும்!"

மறுபடி கோயிலிலிருந்து புறப்பட்டார்கள். இந்த முறை முப்பதாவது சுற்று கரை வழியாகக் குளத்தைத் தாண்டி, அக்கரை முள்புதரில் முடிந்தது. கடப்பாரை 'ணங்' என்றது.

கல்! அதற்கடியில் கரித்துண்டுகள்.

"அடையாளத்துக்குக் கரி போட்டுத்தான் கல்லு நட்டிருக்காங்க. இதேதான்! குளம் உங்களுது" என்றார் சர்வேயர்.

பெண்கள் குலவையிட்டார்கள். கோவிந்தராசு யார் முகத்தையும் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார்.

சர்வேயர் பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "கோயிலு, பெரிய தெரு எல்லாம் இருக்குது. உங்க தெருவையே காணோமே?"

"எங்களை யாரு சார் கேட்டாங்க?" என்றாள் கனகாவின் அம்மா பாஞ்சாலை.

சர்வேயர் பென்சிலைச் சீவினார். புதிய படத்தில் தெருவை வரைந்து, அதன் பெயரைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்!" என்றாள் கனகா.